சந்தனமாரியின் டிரைவர் சீட்டு

தும்பி மோட்டார்ஸ் பங்கு ஒரே நாள்ல பதினெட்டு ரூபா ஏறுனதுக்கு மறுநாள் காலையில, எங்க ஊர்ல ஒரே டாக்சியான சந்தனமாரியோட தும்பி கார் ஒரு சீட்டைக் கூடுதலாப் போட்டுட்டு நின்னுச்சு. அஞ்சு பேர் உக்கார்ற காரு அது. குளிச்சு, திருநீறு பூசி, சாவியோட வந்து கதவைத் திறந்தா, பின்னாடி மூணு பேருக்குப் பதிலா நாலு பேர் தாராளமா உக்காரலாம், உறை தைச்சுப் போட்ட மாதிரி பொருந்தியிருக்கு, பெல்ட்டு கூட ஒண்ணு புதுசா முளைச்சிருக்கு. அவ என்ன செஞ்சாங்கிறீங்க? புதுச் சீட்டையும் சேத்துத் துணியால தொடைச்சா, எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில வச்சு நசுக்குனா, பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டிட்டுப் போயிட்டா.

எங்க ஊர்ல யாரும் மூக்குல விரல் வைக்கலை. மதுரைக்குத் தெக்கே, கொத்தமல்லிக்கும் மிளகா வத்தலுக்கும் உளுந்துக்கும் விலை சொல்ற ஊரு இது. நாங்க காலையில ஒரு விலை சொன்னா சாயங்காலத்துக்குள்ள தேனி வரைக்கும் அதான் விலை. விலை ஏறுன சரக்கு மூட்டைக்குள்ள பருத்துத் தெரியும், இறங்குன சரக்கு சுருங்கித் தெரியும், மண்டியில பொழைக்கிற எல்லாருக்கும் இது தெரிஞ்ச விஷயம். மூட்டைக்கு நடக்கிறது காருக்கு நடந்தா என்ன, அதுவும் விலைக்கு விக்கிற சாமான்தானேன்னு விட்டுட்டோம்.

என் பேரு தவசிலிங்கம். மெயின் பஜார்ல பருப்பு மில்லுக்கு மாடியில ஒரு பங்குத் தரகர் ஆபீஸ் இருக்கு, அங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து மத்தவங்க சொல்ற பங்கை வாங்கிப் போடுறதும் வித்துக் குடுக்கிறதும் என் வேலை. காலையில ஒன்பதேகாலுக்கு மார்க்கெட் திறக்கும், மூன்றரைக்கு மூடும், அதுவரைக்கும் இருபது இருபத்தஞ்சு பேரு பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து சுவத்து டிவியைப் பாத்துக்கிட்டு ஆளுக்கொரு ஞானம் பேசுவாங்க. கேட்டுக் கேட்டு என் காது பழுத்துப் போச்சு. அதுல ரெண்டு பேரை மட்டும் நீங்க தெரிஞ்சுக்கிட்டாப் போதும்.

ஒருத்தர் மல்லி மண்டி தெய்வநாயகம் அண்ணாச்சி. ஊர்ல முதல் விலை சொல்றவரு. அவர் ஒரு சரக்கைக் கையில எடுத்து மோந்து பாத்துட்டுக் கீழ போட்டாருன்னா, அன்னைக்கு அந்தச் சரக்கு படுத்துரும். அவர் தலையாட்டுனா தெரு முழுக்கத் தலையாட்டும். இன்னொருத்தர் சற்குணம் டீச்சர், முப்பத்து நாலு வருசம் கணக்குப் பாடம் எடுத்து ரிட்டையர் ஆனவங்க. விலை ஏறும்னு யார் சொன்னாலும், "எப்படி ஏறும்? படிப்படியாப் போட்டுக் காமிங்க"ம்பாங்க. அண்ணாச்சி விலை ஏறும்ங்கிற காளைக் கட்சி, டீச்சர் இறங்கும்ங்கிற கரடிக் கட்சி. ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து நான் மிக்சர் தின்னுக்கிட்டிருப்பேன்.

கார் எதுக்குப் பருக்குதுன்னு முதல்ல கண்டுபிடிச்சது டீச்சர்தான். ஜன்னல் வழியாக் கீழ நிக்கிற காரைப் பாத்துக்கிட்டே காலண்டர் தாள்ல ரெண்டு வாரம் குறிச்சு வச்சிருந்தாங்க. "தவசி, இங்க வா. தும்பிப் பங்கு பதினெட்டு ரூபா ஏறுனா ஒரு சீட்டு கூடுது. பதினெட்டு ரூபா இறங்குனா ஒரு சீட்டு குறையுது. ஒரு நாளும் தப்பலை"ன்னாங்க. அண்ணாச்சி உடனே படியிறங்கிப் போயி, காரைச் சுத்தி வந்து, பானெட்டைத் தடவி, உள்ள தலையை விட்டு மோந்து பாத்தாரு. மேல வந்து வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, "தவசி, எனக்கு ஐநூறு தும்பி போடு"ன்னாரு.

அவ்வளவுதான். அண்ணாச்சி வாங்குனாருன்னு நாங்க வாங்கினோம், நாங்க வாங்கினதுல விலை ஏறுச்சு, விலை ஏறுனதுல கார் வளந்துச்சு, கார் வளருதேன்னு மண்டிக்காரங்க வாங்குனாங்க, அவங்க வாங்குனதுல கார் இன்னும் வளந்துச்சு, அதைப் பாத்து எண்ணெய்க் கடைக்காரங்க, ஜவுளிக் கடைக்காரங்க, பல் டாக்டரு, பூக்கார அக்கா, எங்க வீட்டுக்காரி உட்பட எல்லாரும் வாங்குனாங்க. ஆறே மாசத்துல அந்தக் கம்பெனி வெளிய விட்ட பங்குல பாதிக்கு மேல எங்க ஊர்ப் பேர்ல இருந்துச்சு. அவங்க ஃபேக்டரி வடக்க எங்க இருக்குன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. கார் என்ன சைசுன்னு கேட்டா பால் ஊத்துற அம்மா கூடச் சொல்லும்.

ஊர் அதைப் பழகிக்கிட்ட விதம் இருக்கே, அதைச் சொல்லணும். கல்யாணம் காதுகுத்து வச்சவங்க பஞ்சாங்கத்தோட கூட கம்பெனி ரிசல்ட் வர்ற தேதியையும் பாத்து நாள் குறிச்சாங்க, நல்ல ரிசல்ட் வந்தா சொந்தக்காரங்க மொத்தப் பேரையும் ஒரே டிரிப்புல ஏத்திரலாம்ல. வண்டிப் பதிவு ஆபீசர் மூணு தடவை டேப்போட வந்து மூணு தடவையும் வேற வேற அளவு வந்ததால, படிவத்துல நீளம்ங்கிற இடத்துல 'நாளைப் பொறுத்து'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு. பஸ் ஸ்டாண்டு ஒப்பந்தக்காரர் பத்து சீட்டுக்கு மேல இருந்தா வேன் கட்டணமும், கீழ இருந்தா கார் கட்டணமும் வாங்குறதுன்னு பேசி முடிச்சாரு, அதுக்காகவே போன்ல மார்க்கெட் பாக்கக் கத்துக்கிட்டாரு. ஏறுன நாள்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஏறுச்சுங்க, இறங்குன நாள்ல அதே பிள்ளைங்க சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போச்சுங்க. மாமியார் ஊருக்குப் போக இஷ்டமில்லாத மாப்பிள்ளைங்க, "இன்னைக்கு மார்க்கெட் சரியில்லை, இடம் பத்தாது"ன்னு தப்பிச்சுக்கிட்டாங்க.

நடுவுல ஒரு நாள் கம்பெனி தன் கார் விலையை ஒன்றரை லட்சம் குறைச்சுருச்சு. ஆபீஸே ரெண்டாப் பிளந்து போச்சு.

"சரக்கு நகரலை, அதான் விலையைக் குறைக்கிறான். இதுல லாபம் எங்க வரும்?"னாங்க டீச்சர்.

"டீச்சர், நீங்க மண்டியில உக்காந்ததில்லை"ன்னாரு அண்ணாச்சி. "எதிர்த்த கடைக்காரன் மூச்சுத் திணறணும்னா நம்ம விலையை இறக்கித்தான் ஆகணும். சீனாக்காரன் வர்றான், கொரியாக்காரன் வர்றான், நம்மாளு மூணாவது இடத்துல நிக்கிறான். ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு நஷ்டத்துல வித்தான்னா முதல் இடத்துக்கு வந்துருவான், அப்புறம் அவன் சொன்னதுதான் விலை."

"அதுவரைக்கும் பல்லு இருக்குமா?"

அன்னைக்குப் பங்கு ஏழு ரூபா ஏறும், ஏழு ரூபா இறங்கும், அதே கதைதான் நாள் முழுக்க. காரும் முடிவுக்கு வராம இடது பக்கம் வீங்கி வலது பக்கம் வத்தி, நொண்டுற மாதிரி பஜார்ல போச்சு. சந்தனமாரி அசரலை, ஸ்டியரிங்கை ஒரு பக்கமா இழுத்துப் பிடிச்சு ஓட்டுனா. நல்ல டிரைவர் அவ, சும்மா சொல்லக்கூடாது. மெயின் பஜார்ல லாரி மூட்டை இறக்குற நேரத்துல, ஒரு சாண் இடைவெளியில, ஹாரன் அடிக்காம வண்டியைக் கொண்டு போவா.

அப்புறம்தான் டிரைவர் இல்லாத கார் சமாச்சாரம் வந்துச்சு. தும்பி கார் தானா ஓடும், ஆளே வேண்டாம், போன்ல கூப்பிட்டா வாசல்ல வந்து நிக்கும், அடுத்த காலாண்டுல சேவை ஆரம்பம்னு கம்பெனித் தலைவர் டிவியில சொன்னாரு. அடுத்த காலாண்டு வந்துச்சு, அதுக்கடுத்த காலாண்டுன்னாரு. ஒவ்வொரு தடவை அவர் தள்ளிப் போட்டப்பவும் விலை ஏறுச்சு. எனக்கு இது புரியலைன்னு டீச்சர்கிட்ட கேட்டேன். "வராத பஸ்ஸுலதான் இடம் நிறைய இருக்கும்"னாங்க.

அந்த விலை ஏத்தத்துலதான் கார் வேற மாதிரி வளர ஆரம்பிச்சுச்சு. பின்னாடி ஒரு சீட்டு கூடும்போது முன்னாடி டிரைவர் சீட்டு ஒரு விரற்கடை ஒடுங்கும். நாங்க யாரும் கவனிக்கலை, நாங்க பின் சீட்டைத்தானே எண்ணிக்கிட்டிருந்தோம். சந்தனமாரிக்கு முதல்ல இடுப்பு இறுக்கிச்சு, சரி நாம கொஞ்சம் சதை போட்டுட்டோம்னு சோத்தைக் குறைச்சா. அப்புறம் ஒரு பக்கம் மட்டும் உக்காந்து ஓட்டுனா. ஸ்டியரிங் தட்டு அளவுல இருந்து சாசர் அளவுக்கு வந்துச்சு, அதுக்கப்புறம் வளையல் அளவுக்கு வந்துச்சு. ரெண்டு விரல்ல வளையலைப் பிடிச்சுக்கிட்டு இருபது பேரை ஏத்தி ஓட்டுனா பாருங்க, அதுக்கு ஒரு மாலை போட்டிருக்கணும் நாங்க. போடலை.

ஒரு நாள் ஆபீசுக்கு மேல ஏறி வந்தா. அவ மேல வந்து நாங்க பாத்ததே இல்லை.

"அண்ணாச்சி, என் சீட்டு போகுது"ன்னா.

அண்ணாச்சி சிரிச்சாரு. "போனாப் போகுது தாயி. வண்டி தானா ஓடும், ஒனக்கு உக்காந்த இடத்துல வருமானம்."

"உக்கார்றதுக்கு இடம் இல்லைன்னுதான் அண்ணாச்சி சொல்ல வந்தேன்."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவ சிரிக்கலை. "இந்தக் கட்டிடத்துலதான், கீழ மில்லுல, பத்தொம்பது வருசம் துவரம்பருப்புல கல்லு பொறுக்குனேன். குனிஞ்ச தலை நிமிரலை. கண்ணுக்கு முன்னாடி ஒரு முழம் தரைதான் எனக்கு உலகம். லோன் போட்டு இந்தக் காரை எடுத்து, அந்தச் சீட்டுல உக்காந்து, கண்ணாடி வழியா ரோட்டைப் பாத்த அன்னைக்கு, ரோடு எவ்வளவு தூரம் தெரியுதுன்னு அழுதுட்டேன். எனக்கு வருமானம் மட்டும் வேண்டாம் அண்ணாச்சி. நான் ஓட்டணும்."

பல் டாக்டர் மட்டும் மெதுவா, "வேணா நாங்க எல்லாரும் சேந்து ஒனக்கு நூறு பங்கு வாங்கித் தர்றோமே"ன்னாரு. அவ அவரை ஒரு பார்வை பாத்துட்டு இறங்கிப் போயிட்டா. அந்த நூறு பங்கு வாங்கியிருந்தா இன்னும் அரை விரற்கடை போயிருக்கும்ங்கிறது அந்த மனுஷனுக்குத் தோணவே இல்லை.

அதுக்கப்புறம் ஊரே அவகிட்ட ரொம்ப அன்பா நடந்துக்கிச்சு. டீ வாங்கிக் குடுத்தாங்க, பூ வாங்கிக் குடுத்தாங்க, மண்டியில இருந்து மல்லிப்பொடி அனுப்புனாங்க. ஆனா ஒருத்தரும் ஒரு பங்கைக் கூட விக்கலை. கோயில்ல போயி விழுந்து கும்பிட்டு, தாயே இந்தத் தடவையாவது அவன் சொன்ன டிரைவர் இல்லாத சேவை வந்துரணும்னு வேண்டிக்கிட்டு வெளிய வந்து, வாசல்ல நிக்கிற சந்தனமாரியைப் பாத்து, "நல்லா இருக்கியா மாரி?"ன்னு கேட்டாங்க. நானும் அப்படித்தான் கும்பிட்டேன், கேட்டேன். நாப்பது பங்கு வச்சிருந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

பங்குனி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. காலையில பதினோரு மணிக்குக் கம்பெனித் தலைவர் டிவியில வந்து, டிரைவர் இல்லாத டாக்சி எந்தெந்த ஊர்ல, கிலோமீட்டருக்கு என்ன விலையில ஓடும்னு சொல்லப் போறதா அறிவிப்பு. ஒன்பது மணிக்கே ஆபீஸ் நிறைஞ்சு, படியெல்லாம் ஆளு, ஜன்னல்ல ஆளு. கீழ ஒரு காதுகுத்து வீட்டுக்காரங்க இருபத்து நாலு பேரு, தாய்மாமன் சீரோட, தும்பிக்குள்ள ஏறி உக்காந்து டிரைவருக்காகக் காத்திருந்தாங்க. விலை எழுநூத்து எழுபத்திரெண்டு. வண்டி பஸ் நீளத்துக்கு நின்னுச்சு.

"கிலோமீட்டருக்கு நாலு ரூபாதான் வைப்பான்"ன்னாரு ஜவுளிக் கடைக்காரர். "நாலு ரூபான்னா டாக்சிக்காரன் அத்தனை பேரும் காலி. அப்புறம் தும்பிதான் ராஜா. பங்கு ரெண்டாயிரம் போகும் பாருங்க!"

அப்பத்தான் சந்தனமாரி வாசப்படியில நிக்கிறதை எல்லாரும் பாத்தாங்க. ஜவுளிக் கடைக்காரர் கைக்குட்டையை எடுத்து மூஞ்சியைத் துடைக்கிற மாதிரி மறைச்சுக்கிட்டாரு.

அவ நேரா அண்ணாச்சிகிட்ட வந்தா. "ஒரு விரற்கடைதான் மிச்சம் இருக்கு. பதினோரு மணிக்கு அதுவும் போயிரும். நான் முழுச் சீட்டு கேக்கலை. இன்னும் ஒரு விரற்கடை மட்டும் குடுங்க அண்ணாச்சி. ஒட்டிக்கிட்டாவது உக்காந்துக்கிறேன்."

அண்ணாச்சி மடிச்சுக் கட்டியிருந்த வேட்டியை இறக்கி விட்டாரு. நல்ல மனுஷன்தான், ஆசைதான் கொஞ்சம் பெருசு. எங்க ஊர்ல மகமைன்னு ஒண்ணு உண்டு. விக்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவுன்னு ஊர்ப் பொதுவுக்கு எடுத்து வைக்கணும். பெரியவங்க காலத்துல இருந்து அப்படிச் சேத்த காசுலதான் எங்க பள்ளிக்கூடமும், கோயிலும், குடிதண்ணிக் கிணறும் வந்துச்சு. பங்குனிப் பொங்கலுக்கு முன்னாடி மகமை பாக்கி இல்லாம தீத்துரணும், அதுல அண்ணாச்சி ஒரு வருசம் தவறுனதில்லை. மல்லிக்கு எடுத்து வச்சாரு, வத்தலுக்கு எடுத்து வச்சாரு. தும்பிக்கு எடுத்து வைக்கணும்னு அவருக்கு அதுவரைக்கும் தோணலை.

"இதுவும் வியாபாரம்தானே. தவசி, மகமைக்குன்னு என் கணக்குல இருந்து இருநூறு தும்பியை வித்துரு. அந்தக் காசு கோயிலுக்கு. அந்த விரற்கடை மாரிக்கு"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு, என் காதுக்கு மட்டும்.

நான் வித்தேன். ஆபீஸ்ல ஒவ்வொரு விற்பனையும் பெரிய திரையில பேரோட ஓடும், அதை நிறுத்தி வைக்கணும்னு எனக்கும் புத்தி வரலை, அவருக்கும் வரலை. திரையில வந்துச்சு: தெய்வநாயகம், தும்பி, விற்பனை, இருநூறு.

எல்லாத் தலையும் திரைப் பக்கம் திரும்புச்சு. அப்புறம் யாரோ படியில இருந்து கத்துனாங்க: "அண்ணாச்சியே விக்கிறாருய்யா!"

வேற ஊரா இருந்தா, எதுக்கு வித்தீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்க. எங்க ஊர்ல அண்ணாச்சி சரக்கைக் கீழ போட்டாருன்னா காரணம் கேக்கிறவன் முட்டாள், கேட்டு முடிக்கிறதுக்குள்ள விலை செத்துரும். "போடு தவசி, என்னோடதைப் போடு!" "மொத்தத்தையும் தள்ளுடா!" "எனக்கு முதல்ல!" பூக்கார அக்கா நாற்காலி மேல ஏறி நின்னு கத்துது. அண்ணாச்சி ரெண்டு கையையும் தூக்கி, "அடேய், மகமைடா! வெறும் மகமைடா அது!"ன்னு தொண்டை கிழியக் கத்துறாரு, யார் கேக்கிறா? டீச்சர் மட்டும் உக்காந்த இடத்துல இருந்து, "நிறுத்துங்க, யோசிங்க, ஒரு படியாவது போட்டுப் பாருங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. என் விரல் ஓயலை. வடக்கே இருக்கிறவங்களும் எங்க ஊரே விக்கிறதைப் பாத்துப் பயந்து வித்தாங்க. பதினோரு மணிக்குக் கம்பெனித் தலைவர் திரையில வந்து கோட்டுப் பொத்தானைப் போட்டு, வணக்கம் சொல்லி, கீழ ஓடுற விலையைப் பாத்துட்டுத் தண்ணி குடிச்சாரு. கிலோமீட்டருக்கு என்ன விலைன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லலை.

கீழ காரு சுருங்குச்சு. முரட்டுத்தனமா இல்லை, ரொம்ப மரியாதையாத்தான். ஒரு சீட்டு மறையும், அதுல இருந்த ஆளு கையில சீர்த்தட்டோட ரோட்டோரமா நின்னுக்கிட்டிருப்பாரு, அடுத்த சீட்டு மறையும், அடுத்த ஆளு பக்கத்துல வந்து நிப்பாரு. தாய்மாமன் மடியில குழந்தையோட கடைசியா இறங்குனாரு. குழந்தை கை தட்டுச்சு. விலை முன்னூத்து நாப்பதுல வந்து மூச்சு வாங்கி நிக்கும்போது வண்டி ஒரு பெட்டி மாதிரி ஆகி, உள்ள ஒரே ஒரு சீட்டு மட்டும் இருந்துச்சு. டிரைவர் சீட்டு. அகலமா, முழுசா, கை வைக்க ரெண்டு பக்கமும் இடத்தோட. ஸ்டியரிங்கும் பழைய அளவுக்கு வந்துருந்துச்சு.

நாங்க எல்லாரும் இறங்கி வந்து சுத்தி நின்னோம். காலையில இருந்த மதிப்புல பாதிக்கு மேல போச்சு ஊருக்கு. அழுதவங்க உண்டு, அண்ணாச்சியைத் திட்டுனவங்க உண்டு, "இந்தப் பொம்பளையாலதான்"னு முணுமுணுத்தவங்களும் உண்டு. அதிகமாப் போனது அண்ணாச்சிக்குத்தான். சந்தனமாரி கதவைத் திறந்து உள்ள உக்காந்தா. நல்லா சாஞ்சு உக்காந்தா. இடுப்புக்கு ரெண்டு பக்கமும் கையை விட்டுப் பாத்தா. அப்புறம் வண்டியை எடுத்தா, தெக்கே திரும்பிப் போயிட்டா.

வெள்ளி போச்சு, சனி போச்சு, ஞாயிறும் போச்சு. ஊர்ல டாக்சி இல்லை. காதுகுத்துக்காரங்க ஆட்டோவுல மூணு நடை போனாங்க. வழக்கமா மாரியோட கார்ல டயாலிசிஸுக்குப் போறவரு பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போனாரு. அப்பத்தான் எங்களுக்கு உறைச்சுச்சு, இத்தனை மாசமா அந்தக் காரோட பின்பக்கத்தையே பாத்துக்கிட்டிருந்தோம், அதுல ஏறி நாலு பேரு ஆஸ்பத்திரிக்கும் ரயிலுக்கும் போயிட்டு வந்ததை ஒருத்தரும் பாக்கலைன்னு.

திங்கக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு அவ வந்தா. மூஞ்சியெல்லாம் வெயில் பட்டுக் கறுத்து, கண்ணு பளபளன்னு இருந்துச்சு.

"எங்க தாயி போயிட்ட?"ன்னு கேட்டாரு அண்ணாச்சி.

"தூத்துக்குடிக்கு. அங்க இருந்து திருச்செந்தூரு. அப்புறம் கடலை ஒட்டியே ஒரு ரோடு போச்சு, அதுல போனேன். யாரும் போகச் சொல்லலை, சும்மா போனேன்"னு சொல்லிச் சிரிச்சா. அவ சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தோம். அப்புறம் சிரிப்பை அடக்கிக்கிட்டு, "ஒத்தை சீட்டை வச்சுக்கிட்டு நான் யாரை ஏத்துறது? லோன் கட்டணும், சாப்பிடணும். என் சீட்டு எனக்கு முழுசா வேணும், சவாரிக்கும் இடம் வேணும். எத்தனை பங்கு வாங்கணுமோ வாங்குங்க. அதுக்கு மேல ஒண்ணு கூட வாங்கக் கூடாது"ன்னா.

"அதெப்படி மாரி, பங்குன்னா ஏறும், இறங்கும்"னு இழுத்தாரு பல் டாக்டர்.

"ஏறுனா வித்துருங்க. இறங்குனா வாங்குங்க. என் சீட்டு உங்க ஆட்டத்துக்குப் பொருள் இல்லை, டாக்டர்."

சற்குணம் டீச்சர் காலண்டர் தாளைத் திருப்பி ஒரு தரம் கணக்குப் போட்டாங்க, இன்னொரு தரம் சரிபாத்தாங்க. "நாலு சவாரி, ஒரு டிரைவர். நானூத்திப் பன்னெண்டு ரூபா. அதுக்கு ஒரு ரூபா மேல போனாலும் அவளுக்கு இடுப்பு இடிக்கும்"னாங்க.

எல்லாரும் அண்ணாச்சியைப் பாத்தாங்க. அந்த மனுஷன் வாழ்க்கையில ஒரு சரக்கை ஏறணும்னு நினைக்காம கையில வச்சதே கிடையாது. மீசையை நீவுனாரு. காரைப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு. "தவசி, நானூத்திப் பன்னெண்டு வர்ற வரைக்கும் வாங்கு. அப்புறம் கையை எடுத்துரு"ன்னாரு. அண்ணாச்சி சொல்லிட்டாருன்னா தெருவே சொன்ன மாதிரி, வித்ததை எல்லாரும் திரும்ப வாங்குனாங்க.

அன்னையில இருந்து ஒன்பது மணிக்கு யாராவது ஒருத்தர் கீழ போயி டிரைவர் சீட்டைச் சாணால அளந்து பாத்துட்டு வருவாங்க. ஒடுங்கியிருந்தா நாலு பேரு கொஞ்சம் கொஞ்சம் விப்பாங்க, பின் சீட்டு குறைஞ்சிருந்தா நாலு பேரு கொஞ்சம் கொஞ்சம் வாங்குவாங்க. முறை வச்சுச் செய்யுறாங்க, கோயிலுக்குப் பூக்கட்டு முறை வைக்கிற மாதிரி. இதுல பைசா லாபம் இல்லைன்னு பொலம்பாத ஆள் இல்லை, முறையைத் தவற விட்ட ஆளும் இல்லை. டீச்சர் கூட இருபது பங்கு வாங்கி வச்சிருக்காங்க, கரடிக் கட்சியில இருந்து ராஜினாமா பண்ணலைன்னு மட்டும் அடிக்கடி சொல்லிக்கிறாங்க.

போன வாரம் மும்பையில இருந்து ஒருத்தர் போன் பண்ணுனாரு. டிவியில பங்கு ஆராய்ச்சி சொல்றவராம், நம்ம தமிழ் ஆளுதான். "ஏழு மாசமா தும்பி நானூத்திப் பன்னெண்டுலயே நிக்குது. கார் விலையைக் குறைச்சாங்க, நகரலை. போட்டிக் கம்பெனி புதுக் கார் விட்டுச்சு, நகரலை. டிரைவர் இல்லாத சேவை அடுத்த காலாண்டுன்னு மறுபடியும் சொல்லிட்டாங்க, அதுக்கும் அசையலை. இந்தியாவுல இப்படி ஒரு பங்கை நான் பாத்ததில்லை. பாதிப் பங்கு உங்க ஊர்ல இருக்கு. அப்படி என்னதான் சார் இருக்கு அந்தக் கார்ல?"

நான் ஜன்னல் வழியாக் கீழ பாத்தேன். டயாலிசிஸ்காரரைப் பின் சீட்டுல ஏத்திட்டு, கண்ணாடியைச் சரிபண்ணிட்டு, சந்தனமாரி ரெவர்ஸ் எடுத்துக்கிட்டிருந்தா.

"அதுல ஒரு ஆளு உக்காந்திருக்கு சார்"னேன்.